விசிட் நடக்கவில்லை, காசு வருமா? மிஸ்டரி ஷாப்பிங்கில் என் அனுபவம்

புதுக்கோட்டையில் அந்த ஸ்கூட்டர் ஷோரூம் வாசலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை 11:20. ஷட்டர் இறங்கிக் கிடந்தது. பூட்டில் தூசி. ஷட்டரின் நடுவில் ஒட்டியிருந்த தாள் பாதி கிழிந்து, "இடம் மாற்றப்பட்டுள்ளது" என்பது வரை மட்டும் தெரிந்தது. எங்கே மாற்றினார்கள் என்பது கிழிந்த பாதியோடு போயிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அது மூடி மூணு வாரம் ஆச்சேம்மா, பைபாஸ் பக்கம் போயிட்டாங்க" என்றார்.

திருச்சியிலிருந்து மாத்தூர், கீரனூர் வழியாக ஒன்றேகால் மணி நேர பஸ் பயணம். மகளிருக்கு இலவசம் என்பதெல்லாம் டவுன் பஸ்ஸில்தான், வெளியூர் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். காலை ஐந்தரைக்கு எழுந்து சமைத்து வைத்து, பையனைப் பள்ளிக்கு அனுப்பி, அத்தைக்கு மதிய மாத்திரையை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தேன். பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்துப் போக வர 210 ரூபாய். அந்த விசிட்டுக்குப் பேசியிருந்த தொகை 650, பயணத்துக்கு உச்சபட்சம் 150.

மிஸ்டரி ஷாப்பிங் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனி தன் கடைகளில் வாடிக்கையாளரை எப்படி நடத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு ஏஜென்சியை அமர்த்தும். அந்தக் கம்பெனியைத்தான் கிளையண்ட் என்பார்கள். அந்த ஏஜென்சி நம்மைப் போன்றவர்களைச் சாதாரண வாடிக்கையாளர் போல அனுப்பும். நாம் போய்ப் பேசி, விலை கேட்டு, சில சமயம் எதையாவது வாங்கி, வீட்டுக்கு வந்து ஐம்பது அறுபது கேள்விக்குப் பதில் எழுதி அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு ஃபீஸ். கடையில் செலவழித்த பணத்தைத் தனியாகத் திருப்பித் தருவார்கள், அதை ரீஇம்பர்ஸ்மெண்ட் என்பார்கள். நான் ஆறு வருடமாகச் செய்கிறேன். திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர் வட்டாரம்தான் என் எல்லை. பெரிய வருமானம் இல்லை, ஆனாலும் என் கைக்கு நேராக வரும் காசு, அதனால் ஒவ்வொரு ரூபாயும் எனக்குக் கணக்கு.

சரி, ஷட்டருக்கு வருகிறேன். அங்கிருந்தே கோ-ஆர்டினேட்டரை, அதாவது ஏஜென்சியில் எனக்கு விசிட்டை ஒதுக்கியவரை, கூப்பிட்டேன். சென்னைப் பெண், சின்ன வயது. "ஒரு நிமிஷம் மேடம், கிளையண்ட்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடறேன்" என்றாள். நாற்பது நிமிடம் அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், சும்மா உட்கார மனம் வராமல் இரண்டு டீ குடித்தேன். பைபாஸ் பக்கத்துப் புது ஷோரூமுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம், நான் போகத் தயாராக இருந்தேன். கடைசியில் அவள் கூப்பிட்டு, "வேண்டாம் மேடம், புது அட்ரஸ் அவங்க லிஸ்ட்ல இன்னும் ஏறலையாம், நீங்க கிளம்புங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். அந்த "பாத்துக்கறேன்" என்ற வார்த்தையை நம்பிப் பஸ் ஏறினேன். அடுத்த மாதம் பேமெண்ட் விவரம் வந்தபோது அந்த விசிட்டுக்கு நேராக பூஜ்யம். பஸ் காசுகூட இல்லை.

கோபம் வந்தது என்பதைவிட அவமானமாக இருந்தது என்பதே சரி. ஒரு நாள் முழுக்க எனக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று யாரோ ஒரு கட்டத்தில் பூஜ்யம் போட்டு எழுதியது போல. வீட்டுக்காரர், "விடேன், அறுநூறு ரூபாய்க்கு எதுக்கு இவ்வளவு" என்றார். நான் விடவில்லை. அந்தக் காசை எப்படி வாங்கினேன், முழுசாக ஏன் வாங்க முடியவில்லை, அதன் பிறகு என்னென்ன மாற்றிக்கொண்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், முக்கியமாக வீட்டிலிருந்து கிளம்பிப் போய்ச் செய்யும் பெண்கள், என்னைப் போல ஒரு வருடம் வீணாக்க வேண்டாம்.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். சேரும்போது 'ஏற்கிறேன்' என்று டிக் போட்டுவிட்டு யாரும் திரும்பிப் பார்க்காத அந்தப் பதினோரு பக்க பிடிஎஃப். அதில் "ரிப்போர்ட் ஏற்கப்பட்டால் மட்டுமே கட்டணம்" என்று இருந்தது. கடை மூடியிருந்தால் என்ன என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. பெரும்பாலான ஒப்பந்தங்கள் இப்படித்தான் இருக்கின்றன, அவர்களுக்குச் சாதகமான இடத்தில் தெளிவாகவும் நமக்கு வேண்டிய இடத்தில் மௌனமாகவும். முதலில் இதைப் படித்ததும் நமக்கு வழியில்லை என்றுதான் தோன்றியது.

ஒரு வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கும் என் நாத்தனாரிடம் கேட்டேன். அவர் சொன்ன இரண்டு விஷயம் இன்றுவரை எனக்குக் கைகொடுக்கிறது. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 53வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது: இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்த ஒப்பந்தத்தில், ஒருவர் தன் வேலையைச் செய்யத் தயாராக இருக்கும்போது மற்றவரே அதைச் செய்யவிடாமல் தடுத்தால், தடுக்கப்பட்டவர் தனக்கு ஏற்பட்ட நஷ்டத்தைக் கேட்கலாம். அதே சட்டத்தில் 70வது பிரிவு: இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் நாம் ஒருவருக்கு ஒரு வேலையைச் செய்து, அவர் அதன் பலனை அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். "இதை வைத்துக் கோர்ட்டுக்குப் போகச் சொல்லவில்லை, உனக்கு ஒரு நியாயம் இருக்கு, அது சட்டத்திலேயும் இருக்குன்னு தெரிஞ்சு எழுது, எழுத்துல தைரியம் வரும்" என்றார். வந்தது.

நான் எழுதிய மெயில் ஆங்கிலத்தில்தான், அதன் சாரத்தைத் தருகிறேன். "இந்தத் தேதியில் இந்த விசிட்டை நீங்கள் எனக்கு ஒதுக்கினீர்கள். நீங்கள் கொடுத்த முகவரிக்கு 11:20க்குப் போனேன், கடை மூன்று வாரமாக அங்கே இல்லை. படம் இணைத்திருக்கிறேன், நேரமும் இடமும் அதில் இருக்கின்றன. 11:24க்கு உங்கள் கோ-ஆர்டினேட்டரை அழைத்தேன், 12:05க்கு என்னைத் திரும்பச் சொன்னார், இரண்டு அழைப்புகளின் பதிவும் இணைப்பில். புது முகவரிக்கு அன்றே போக நான் தயாராக இருந்தேன். முகவரித் தவறு என்னுடையது இல்லை. ஆகவே உண்மையான பயணச் செலவு 210ம், பாதி ஃபீஸ் 325ம் கேட்கிறேன்." அவ்வளவுதான். அதில் ஒரு வருத்தமும் எழுதவில்லை, பையன், அத்தை, ஐந்தரை மணி எதுவும் இல்லை. முதல் வரைவில் அதெல்லாம் இருந்தது, நாத்தனார் அடித்துவிட்டார். பணத்தை முடிவு செய்கிறவருக்கு வேண்டியது தேதி, நேரம், படம், தொகை. மீதியெல்லாம் அவர் கண்ணில் படாமல் போகும், அல்லது அதைச் சாக்காக வைத்து "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்.

முதல் பதில், "ரிப்போர்ட் இல்லாததால் ஃபீஸ் இல்லை." நான் விடாமல் எழுதிய இரண்டாவது மெயிலில்தான் எனக்கே அந்த யோசனை வந்தது. கடை மூடியிருந்தது என்பதே ஒரு ரிப்போர்ட் இல்லையா? உங்கள் கிளையண்டின் பட்டியலில் இல்லாத ஒரு உண்மையை நான் போய்ப் பார்த்துச் சொன்னதால்தானே அவர்கள் முகவரியைத் திருத்தினார்கள், அந்தத் தகவலை அவர்களுக்கு நீங்கள் கொடுத்தீர்களா இல்லையா? இப்படிக் கேட்டதும் விஷயம் கோ-ஆர்டினேட்டருக்கு மேலே ஒருவரிடம் போனது. ஒன்பதாவது நாள் 325 ஃபீஸும், உச்சவரம்புப்படி 150 பயணச் செலவும் ஒப்புக்கொண்டார்கள். 60 ரூபாய் கையை விட்டுப் போனது, அதை விட்டேன். முழு 650 ஏன் கேட்கவில்லை என்றால், ரிப்போர்ட் எழுதும் இரண்டரை மணி நேர வேலையை நான் செய்யவில்லை, அதற்கும் சேர்த்துக் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. கேட்கும் தொகை நமக்கே நியாயமாகத் தெரிந்தால் எழுதும்போது கை தயங்காது.

அன்று என்னைக் காப்பாற்றியது அந்தப் படம்தான். கடை மூடியிருந்தால் நான்கு படம் எடுக்காமல் நகராதீர்கள். ஷட்டரும் பெயர்ப்பலகையும் சேர்ந்து தெரியும்படி ஒன்று, ஒட்டியிருக்கும் அறிவிப்பு எழுத்து படிக்கும்படி ஒன்று, தெருவும் பக்கத்துக் கடைகளும் தெரியும்படி ஒன்று, போனில் வரைபடத்தைத் திறந்து நாம் நிற்கும் நீலப்புள்ளி தெரிய ஒரு ஸ்கிரீன்ஷாட். படத்தின் மேலேயே தேதி, நேரம், இடம் பதியும் ஜிபிஎஸ் கேமரா செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்துக்குள் இருக்கும் விவரம் போய்விடும், அதனால் மூலப் படத்தை மெயிலில் அனுப்புங்கள், அல்லது டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். பிறகு போன். போனில் பேசி முடித்தவுடன் அதே இடத்தில் நின்று ஒரு மெசேஜ்: "நீங்கள் சொன்னபடி கிளம்புகிறேன், இன்று வந்ததற்கான தொகையை உறுதி செய்யுங்கள்." வாயால் சொன்ன "பாத்துக்கறேன்" எங்கேயும் பதிவாவதில்லை, இந்த ஒரு வரி பதிவாகும்.

அடுத்தது திருச்சி தில்லைநகரில் ஒரு குடும்ப ரெஸ்டாரண்ட். இது வேறு வகை. விசிட் நடந்தது, சாப்பிட்டோம், ரிப்போர்ட்டும் அனுப்பினேன். பில் 860, திருப்பித் தரும் உச்சவரம்பு 800, ஃபீஸ் 250. பதினோரு நாள் கழித்து "நிராகரிக்கப்பட்டது" என்று வந்தது. காரணம், பில் படத்தில் டேபிள் எண் தெரியவில்லையாம். ஓட்டல் பில் எல்லாம் அந்த வழவழ வெப்பத்தாள்தான், இரண்டு நாள் பர்சில் கிடந்தாலே எழுத்து மங்கும், மேலே எண்ணெய்க் கை பட்டால் அந்த இடமே வெளுத்துவிடும். நான் மறுநாள் வீட்டில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்திருந்தேன். ஓரத்தில் மடிப்பு விழுந்து டேபிள் எண் இருந்த இடம் சாம்பல் கோடாகத்தான் இருந்தது.

என் தவறும் இதில் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் 1,050 ரூபாய் மொத்தமும் போக வேண்டிய அளவுக்குத் தவறா? யோசித்துப் பார்த்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. ஐந்தாம் நாள் ரிப்போர்ட்டைச் சரிபார்க்கும் அவர்களுடைய எடிட்டர் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டிருந்தார். தண்ணீர் கேட்காமலே வைத்தார்களா, பில் கேட்டதிலிருந்து வர எத்தனை நிமிடம் என்று. நான் பதில் அனுப்பி, அவர் நன்றி சொல்லி, மதிப்பெண்ணும் போட்டிருந்தார். குப்பைக்குப் போகிற ரிப்போர்ட்டுக்கு யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா? அதனால் இப்படி எழுதினேன்: "இந்த ரிப்போர்ட் கிளையண்டுக்கு அனுப்பப்பட்டிருந்தால் ஃபீஸும் ரீஇம்பர்ஸ்மெண்டும் தர வேண்டும். அனுப்பப்படவில்லை என்றால், இதிலுள்ள எந்தத் தகவலும் பயன்படுத்தப்படவில்லை என்று எழுத்தில் உறுதி செய்யுங்கள்." கூடவே, யூபிஐயில் அந்த ஓட்டலுக்கு 860 போன விவரமும் அனுப்பினேன், நேரமும் தொகையும் பில்லோடு பொருந்தியது. மூன்றே நாளில் 1,050ம் அடுத்த பேமெண்டில் சேர்த்துவிட்டதாகப் பதில். இந்த ஒரு கேள்வியை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலையின் பலனை எடுத்துக்கொண்டு கூலியை மட்டும் மறுப்பவர்களால் இதற்கு எழுத்தில் பதில் சொல்ல முடிவதில்லை.

அதன் பிறகு பில் மேஜைக்கு வந்தவுடனே, கை கழுவப் போகும் முன்பே, தட்டுக்குப் பக்கத்தில் நீவி வைத்து இரண்டு படம் எடுத்துவிடுகிறேன். கூட வருகிறவர்கள் பேசிக்கொண்டிருந்தால் யாரும் கவனிப்பதில்லை, இப்போதெல்லாம் எல்லோரும் எதையாவது படம் எடுத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் ஜெயித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான்கு பெட்ரோல் பங்க் விசிட்டுகள், மொத்தம் 1,800 ரூபாய், இன்றுவரை வரவில்லை. அடிக்கும் முன்னால் மீட்டரில் பூஜ்யத்தைக் காட்டுகிறார்களா, கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா, ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரம் கேட்டால் எடுத்துத் தருகிறார்களா, பெட்ரோலைச் சோதிக்கும் வடிதாள் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து எழுத வேண்டும். ஏப்ரல் வெயிலில் தஞ்சாவூர் ரோட்டில் வண்டியில் போய்ச் செய்தேன். வேலையைக் கொடுத்தது ஏஜென்சி இல்லை, ஏஜென்சியிடம் வேலை எடுத்து வெளியே கொடுக்கும் ஒரு தனி ஆள். எல்லாம் வாட்ஸ்அப்பில். இரண்டு மாதம் "அடுத்த வாரம் மேடம்" என்றவர், ஒரு நாள் எண்ணே இல்லாமல் போய்விட்டார். பெரிய ஏஜென்சிக்கு எழுதினால், "நாங்கள் அவருக்குக் கொடுத்துவிட்டோம், உங்களோடு எங்களுக்கு ஒப்பந்தம் இல்லை" என்றார்கள். அவர்கள் சொன்னதில் சட்டப்படி தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்த ஆளின் முழுப் பெயர், முகவரி, எதுவும் என்னிடம் இல்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது, ஏனென்றால் கேட்க வேண்டிய ஒரே கேள்வியை நான் முதல் நாளே கேட்டிருக்கலாம்: எனக்குப் பணம் போடப் போவது யார், எந்தக் கணக்கிலிருந்து?

இப்போது அதைக் கேட்காமல் எந்த விசிட்டையும் எடுப்பதில்லை. பெரிய கம்பெனி, அதற்குக் கீழே ஏஜென்சி, அதற்குக் கீழே சில சமயம் இன்னொரு சின்ன ஏஜென்சி, அப்புறம் கோ-ஆர்டினேட்டர், கடைசியில் நாம். எந்தப் படியில் இருப்பவரோடு நம் ஒப்பந்தமோ அவரிடம்தான் பணம் கேட்க முடியும். நடுவில் ஒரு ஆள் இருந்தால் அவருடைய பெயர், பான், ஜிஎஸ்டி இருந்தால் அந்த எண், எல்லாம் முதலிலேயே கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் அந்த வேலை வேண்டாம்.

வேலையை ஏற்கும் முன் நான் அனுப்பும் மெசேஜ் இன்று ஏறக்குறைய ஒரே மாதிரிதான். "விசிட்டை ஏற்கிறேன். கடை மூடியிருந்தாலோ முகவரி தவறாக இருந்தாலோ பயணச் செலவும் பாதி ஃபீஸும். நான் வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு நீங்கள் ரத்து செய்தாலும் அதே. உள்ளே போய்ப் பேசி முடித்த பிறகு ரத்தானால் முழு ஃபீஸ். முந்தைய நாள் மாலைக்குள் ரத்து செய்தால் எதுவும் வேண்டாம். சரியென்றால் ஓகே என்று பதில் அனுப்புங்கள்." பாதிப் பேர் ஓகே போட்டுவிடுகிறார்கள், சிலர் "பயணச் செலவு மட்டும்" என்று பேரம் பேசுவார்கள், அதையும் கிட்டத்து ஊர் என்றால் ஏற்றுக்கொள்வேன். பதிலே சொல்லாதவர்களுக்கு ஒரு முறை நினைவூட்டுவேன். எப்போது கேட்டால் கிடைக்கும் என்பதும் முக்கியம். மாதக் கடைசி, இருபத்தைந்து தேதிக்கு மேல், கோ-ஆர்டினேட்டர்கள் கையில் அரியலூர், அறந்தாங்கி மாதிரி யாரும் எடுக்காத நாலைந்து விசிட் மிச்சமிருக்கும், முடிக்காவிட்டால் அவர்களுக்குத் திட்டு. அந்த நேரத்தில் நம் வார்த்தைக்கு மதிப்பு அதிகம்.

கோ-ஆர்டினேட்டர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புதுக்கோட்டை விஷயத்தில் அந்தப் பெண் மேல் எனக்கு ஆரம்பத்தில் கோபம் இருந்தது. பிறகு பேசியபோதுதான் தெரிந்தது, பணம் கொடுக்கும் அதிகாரம் அவளுக்கு ஒரு ரூபாய்க்குக்கூட இல்லை. அவளும் மாதச் சம்பளத்துக்கு ஒரே நேரத்தில் எழுபது எண்பது விசிட்டைச் சமாளிக்கும் பிள்ளைதான். அவளிடம் சண்டை போடுவதில் பயனில்லை. "இதை யார் அப்ரூவ் பண்ணணும்ங்க, அவங்க மெயில் ஐடி குடுங்க, உங்களையும் காப்பியில வைக்கிறேன்" என்று கேளுங்கள். தன் தலையிலிருந்து பாரம் இறங்குகிறது என்று தெரிந்தால் அவர்களே உதவுவார்கள். அந்தப் பெண் இப்போதும் எனக்கு வேலை தருகிறாள்.

நம் தவறு என்றால் கேட்காதீர்கள். அரியலூரில் ஒரு ஜவுளிக்கடை விசிட், மாலை 5 முதல் 8 மணிக்குள் போகச் சொல்லியிருந்தார்கள், பஸ் வசதிக்காக நான் மதியம் 3 மணிக்கே போய் முடித்துவிட்டேன். நிராகரித்தார்கள். ஒரு வார்த்தை பேசாமல் ஏற்றுக்கொண்டேன். அன்று வாதாடியிருந்தால் ரெஸ்டாரண்ட் விஷயத்தில் என் பேச்சை யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவிலான சங்கதிகளும் உண்டு. வங்கிக் கிளையில் லோன் பற்றிக் கேட்கச் சொல்லியிருப்பார்கள், அந்த அதிகாரி லீவில் இருப்பார். கடையில் நம்மைக் கண்டுபிடித்து, "ஆடிட்டுக்கு வந்தீங்களா மேடம்?" என்று நேராகவே கேட்டுவிடுவார்கள். இதில் யார் தவறும் இல்லை. அரை மணி நேரம் காத்திருங்கள், அங்கிருந்தே கேளுங்கள், வேறு ஆளிடம் பேசலாமா, இன்னொரு நாள் வரலாமா, இன்னொரு நாள் என்றால் இரண்டாவது பயணத்துக்கு யார் காசு. முக்கியமாக, பொருள் வாங்க வேண்டிய விசிட்டில் அவர்கள் சொன்ன பொருள் இல்லையென்றால், எழுத்தில் ஒப்புதல் வரும்வரை வேறு பொருளை வாங்கிவிடாதீர்கள். ஃபீஸ் போனால் உழைப்பு மட்டும்தான் போகும், ரீஇம்பர்ஸ்மெண்ட் போனால் கைக்காசும் போய்விடும்.

மெயிலுக்கு மேல் என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன் என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன், அது இதற்குப் பொருந்தாது, நாம் அவர்களிடம் சேவை வாங்கியவர்கள் இல்லை, சேவை கொடுத்தவர்கள். நமக்கு ஓரளவு பொருந்துவது குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006ஆம் வருடச் சட்டம். அதற்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம், ஆதாரும் பானும் போதும், இதற்குக் காசு கேட்கும் தளங்களுக்குள் போகாதீர்கள். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்புக்கொண்ட நாளுக்குள், எப்படியும் 45 நாளைத் தாண்டாமல், பணம் கொடுக்க வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. இதற்கான அரசுத் தளத்தில் புகார் பதியலாம். பதிவு செய்த பிறகு செய்த வேலைக்கு இதைக் கேட்பதுதான் பாதுகாப்பு. நான் பதிவு செய்து, என் பில்லின் அடியில் அந்த எண்ணைப் போடுகிறேன். 650 ரூபாய்க்கு யாரும் புகார் பதிய மாட்டோம், ஆனால் ஐந்தாறு மாதம் சேர்ந்து பதினைந்தாயிரம் இருபதாயிரம் நிற்கும் தோழிகள் எனக்கு உண்டு, அவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நிலுவையைக் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக மூன்று வருடக் காலக்கெடு இருக்கிறது, அதனால் பழைய மெயிலை அழிக்காதீர்கள். வருமான வரித் தளத்தில் நம் பான் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள், சில சமயம் நமக்குப் பணம் கொடுத்ததாக வரி பிடித்துக் கட்டியிருப்பார்கள், வங்கியில் பணம் வந்திருக்காது. அது அவர்களே எழுதிக் கொடுத்த சாட்சி.

கோபத்தில் கிளையண்ட் கம்பெனியின் பெயரைப் போட்டு வெளியில் எழுதிவிடாதீர்கள். ரகசியம் காப்பதாக நாம் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், அதை மீறினால் நம் பக்க நியாயம் பலவீனமாகிவிடும். இதை எழுதும்போதும் நான் ஒரு பெயரும் சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள்.

இன்னொன்று, நிலுவைக்காகக் காத்திருக்கும் நேரத்தில்தான் மோசடிக்காரர்கள் வருவார்கள். "உங்கள் பணம் தயாராக இருக்கிறது, ரிலீஸ் பண்ண 500 கட்டுங்கள்" என்று டெலிகிராமில் ஒருவர் என் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டார். அவர் 500 கட்டினார், பிறகு 2,000 கேட்டார்கள், அப்போதுதான் என்னிடம் வந்தார். ஒழுங்கான ஏஜென்சி எதுவும் சேர்வதற்கோ பணம் தருவதற்கோ நம்மிடம் காசு கேட்காது. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

போன மாதம் பெரம்பலூரில் ஒரு செல்போன் கடை விசிட், ஃபீஸ் 600. முந்தின வாரமே என் வழக்கமான மெசேஜ் போட்டு ஓகே வாங்கியிருந்தேன். பஸ் சமயபுரம் டோல்கேட் நெருங்கும்போது கோ-ஆர்டினேட்டர் கூப்பிட்டார், "மேடம், கிளையண்ட் இந்த மாசம் நிறுத்திட்டாங்க, போக வேணாம்." அங்கேயே இறங்கிக்கொண்டேன். ரோட்டோரம் நின்று, டிக்கெட்டைப் படம் எடுத்து, பழைய ஓகே மெசேஜின் மேலேயே பதிலாகப் போட்டு, "கிளம்பிவிட்டேன், சமயபுரத்தில் இறங்கிவிட்டேன், பேசியபடி பாதி ஃபீஸ் 300ம் பஸ் காசும்" என்று அனுப்பினேன். வந்ததுதான் வந்தோம் என்று கோவிலுக்குப் போய் அம்மனைப் பார்த்துவிட்டு வெளியே வந்து செருப்பு மாட்டும்போது போனைப் பார்த்தால், "அப்ரூவ்டு மேடம், சாரி" என்று பதில் வந்திருந்தது. முப்பதாம் தேதி பணம் வந்தது. அந்த விசிட்டின் பெயருக்கு நேராக இந்த முறை 300 என்று இருந்தது, அதற்குக் கீழே பஸ் காசு தனி வரியில்.